பன்னிரண்டாம் வீட்டு ஏரியல்

அக்காவின் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய், அலமாரிக்கு மேல் துணி போர்த்திக் கிடந்த ரேடியோப் பெட்டியை இறக்கி அதன் பின்பலகையைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"மீதியப் படிடி," என்றார் நைனா.

மீதியைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு, திருச்சி ரேடியோவில் அக்கா கால் மணி நேரம் பாடப்போகிறாள். அந்த வரியைப் படித்தவுடனே என் கை பரபரத்துவிட்டது.

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாமா, யுத்தம் முடிந்து ராணுவத்தார் கழித்துவிட்ட சாமான்களில் ஒன்றாக அந்தப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். பேட்டரியில் ஓடும் பெட்டி. செஞ்சியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பினால் உஸ்ஸென்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. "இது ஊமை," என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா அதன்மேல் மாதா சுரூபத்தை வைத்திருந்தாள். பின்பலகையின் உட்புறத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்ததை அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியில், முப்பது அடி உயரத்தில், அறுபது அடி நீளச் செம்புக் கம்பி கட்ட வேண்டும் என்று அதில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். பெட்டி ஊமை இல்லை. அதற்குக் காது வைக்க யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

"நைனா, ஏரியல் கட்டினா பேசும். பாடவும் பாடும்."

நைனா அதற்குமேல் கடிதத்தின் மீதியைக் கேட்கவில்லை.

நைனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் மிஷன் ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாட்டுக் கூட்டத்தை நடத்தியவரும் அவர்தான். அக்காவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அதே அக்கா, கல்யாணமாகித் திருச்சிக்குப் போன பிறகு, ரேடியோவில் பாடக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியபோது, "மொகம் தெரியாதவங்களுக்குப் பாடக் கூடாது" என்று ஒரே வரியில் பதில் போட்டார். அவள் பாடப் போகவில்லை. இரண்டு வருஷம் கடிதமும் போடவில்லை. போன ஆடியில் நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. அதன்பிறகு நான்தான் அவருக்காக அக்காவுக்கு எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் நைனா சொல்லச் சொல்ல எழுதியது: "பாட விருப்பமிருந்தால் பாடு." அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

ரேடியோவில் பாடுவதை யாரும் பதிந்து வைப்பதில்லை. அந்தக் கால் மணி நேரம் போனால் போனதுதான். நைனாவுக்கு இன்னொரு முறை வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஆகவே அந்தச் சனிக்கிழமை எனக்கு விளையாட்டு இல்லை.

நான் வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காக வீட்டில் காத்துக் கிடந்தேன். செய்ய வேலை இல்லாதவளுக்கு இதைவிட நல்ல வேலை என்ன கிடைக்கும்? பஸ் கொட்டகையில் எரிந்துபோன டைனமோ ஒன்றைக் கேட்டு வாங்கி அதிலிருந்த செம்புக் கம்பியைப் பிரித்து முறுக்கினேன். பேட்டரியையும் அங்கேயே சார்ஜ் போடக் கொடுத்தேன். கம்பி கழியைத் தொடாமலிருக்கப் பீங்கான் குமிழ் வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்தது. செஞ்சியில் பீங்கான் குமிழுக்கு எங்கே போவது? கடைத்தெருவில் உடைந்த சோடா பாட்டில்களின் கழுத்தைப் பொறுக்கி வந்தேன். கண்ணாடி என்றால் போதும், மின்சாரம் தாண்டாது. தபால் ஆபீசிலிருந்து வாங்கி வந்த ரேடியோ லைசென்ஸ் தாளில் நைனா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். சர்க்கார் லைசென்ஸ் கொடுத்துவிட்டது. அதற்குமேல் யாரிடம் கேட்க வேண்டும்?

எங்கள் தெருவிடம் கேட்க வேண்டுமாம்.

தெருவில் பன்னிரண்டு வீடுகள். நாட்டு ஓடு போட்டு, பக்கச் சுவரைப் பங்கு வைத்துக்கொண்டு ஒட்டி ஒட்டி நிற்பவை. ஒவ்வொன்றின் பின்னாலும் திறந்த கிணற்றடி. கடைசி வீடு எங்களுடையது. முன்பு அதில் இருந்தவர் பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு, "இந்தத் தெருவுக்கு ஒரு பாடம் கத்துக்குடுக்கிறேன்" என்று வேண்டுமென்றே நைனாவுக்கு விற்றுவிட்டுப் போனவர். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊர் வழக்கில் வேதக்காரர்கள். நைனாவின் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்தப் பாடம் நாங்கள்தான் என்பது எனக்குப் பத்து வயதிலேயே புரிந்துவிட்டது.

தெருவுக்கு வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் என்று ஒன்று இருந்தது. முதல் வீட்டுக்காரர், மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்பவர், அதற்குத் தலைவர். அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் நடக்கும். நைனா நன்றாக இருந்த காலத்தில் கூட்டத்துக்குப் போகும்போது வீட்டிலிருந்து முக்காலி ஒன்றை எடுத்துப் போவார். எடுத்துவரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவராகவே எடுத்துப் போவார். முக்காலியை வாசற்படிக்கு உட்புறமாகப் போட்டு உட்காருவார். அதற்குமேல் உள்ளே போனதில்லை.

சங்கத்துக்கு விதிப்புத்தகம் உண்டு. கழிவுநீரைத் தெருவில் விடக் கூடாது, மாட்டை வாசலில் கட்டக் கூடாது என்று பல விதிகள். அதில் ஒன்று: ஓடு மாற்றவோ மரம் வெட்டவோ மேலே ஏறும் ஆண்கள் மூன்று முறை உரக்கக் குரல் கொடுத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் ஏற வேண்டும். நியாயமான விதிதான். பெண்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பார்கள். வருஷா வருஷம் ஓடு மாற்ற வருகிறவர் "ஓடு ஏறறேன்... ஓடு ஏறறேன்..." என்று கத்தினால் பன்னிரண்டு வீட்டுக் கிணற்றடியிலும் சேலை சரசரக்கும்.

ஆண்கள் என்றுதானே இருக்கிறது? நான் பெண். குரல் கொடுக்காமல் ஏறினேன்.

இதைவிட முட்டாள்தனம் வேறில்லை என்று இப்போது தெரிகிறது. வெயிலுக்காகத் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தேன். ஓடு கையைக் கிழிக்காமலிருக்க நைனாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்தேன். கூரை முகட்டுக்கு அந்தப்புறம் நின்று மூங்கில் கழியை நிமிர்த்தியபோது, பதினோராம் வீட்டுக் கிணற்றடியிலிருந்து பார்த்தால் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரிந்திருக்கும். சட்டை, முண்டாசு, கையில் கழி.

அங்கே குளித்துக்கொண்டிருந்தது அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்.

"ஐயோ! ஆம்பள! ஆம்பள!"

தவலை உருண்ட சத்தம் கேட்டது. மாமியார் ஓடிவந்து, "எவன்டா அவன், பொம்பளைங்க குளிக்கற நேரத்துல! எறங்குடா, கட்டையில போறவனே!" என்று விறகுக் கட்டையை வீசினாள். கட்டை என் காலுக்குப் பக்கத்தில் நாலு ஓடுகளை நொறுக்கியது.

முண்டாசை அவிழ்த்தேன். பின்னல் விழுந்தது. "நான்தான், அத்தை! வாத்தியார் வீட்டுப் பொண்ணு!"

"அடிப்பாவி, நீயா? மீசை ஒண்ணுதாண்டி பாக்கி!"

மருமகள் ஈரச் சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்டேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கம்பியின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, எர்த் கம்பியைக் கிணற்றடி ஈரமண்ணில் புதைத்துவிட்டு முள்ளைத் திருப்பினேன். இரைச்சல் விலகி ஒரு நாதஸ்வரம் வந்தது. பக்கத்துத் தெருவில் வாசிப்பது மாதிரி அவ்வளவு தெளிவாக. அம்மா மாதா சுரூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டார். முடிந்ததும் கேட்டார், "சனிக்கிழமை எத்தனாந் தேதி?" தினமும் கேட்டார். தேதி அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் சங்கத்தில் கூட்டம். பன்னிரண்டாம் வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நைனாவால் நடக்க முடியாது. நான் முக்காலியை எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் போகிற கூட்டமில்லை அது. வாசற்படிக்குள் முக்காலியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

"வா, டீச்சரம்மா," என்றார் தலைவர். "இன்னா, ஆம்பள வேஷம் கட்டிக்கினு ஓட்டு மேல ஏறினியாமே?"

கூடமே சிரித்தது.

"பொண்ணுங்க ஏறக் கூடாதுன்னு விதி இல்லைங்க," என்றேன்.

"விதியில இல்லதான். அதனாலதான் அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. கம்பியப் பத்திதான் பேச்சு." புத்தகத்தைப் பிரித்தார். "தெருவில் எந்த வீட்டின் மேலும் ரேடியோக் கம்பியோ அதற்கான கழியோ நடக் கூடாது. நட்டிருப்பதை வெள்ளிக்கிழமைக்குள் அகற்ற வேண்டும்."

நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். முற்றத்து வழியாக அவர் வீட்டு ஏரியல் தெரிந்தது. இரண்டு தேக்குக் கம்பம். என்னுடையதைவிட ஒரு ஆள் உயரம் அதிகம்.

"உங்க வீட்டுக் கம்பி?"

"அது விதிக்கு முந்தியே கட்டுனதும்மா. முந்திக் கட்டுனத ஒண்ணும் செய்ய முடியாது."

"நான் கட்டினதும் விதிக்கு முந்திதானே? விதி எப்ப எழுதினீங்க?"

"இப்பதான். இன்னும் மை காயல, பாரு." புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். மறுபடி சிரிப்பு.

இடி இறங்கும் என்றார் ஒருவர். இடி மழைக்கு எர்த் சுவிட்ச் வைத்திருக்கிறேன், திருப்பிவிட்டால் கம்பி நேராக மண்ணோடு சேர்ந்துவிடும் என்றேன். "தலைவர் வீட்டுல வெச்சிருக்கீங்களா?" என்றும் கேட்டேன். தலைவருக்கு நான் சொன்னது புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "பரீட்சை வெக்கிறாங்கடா டீச்சரம்மா," என்றது ஒரு குரல். சாமி புறப்பாட்டுக்கு இடைஞ்சல் என்றார் இன்னொருவர். கம்பி தெருவைத் தாண்டவே இல்லை, பின்பக்கம் கூரையிலிருந்து எங்கள் முருங்கை மரத்துப் பக்கம் போகிறது, சாமி எங்கள் கிணற்றடி வழியாகவா போகிறது என்று கேட்டேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. அது நல்லதுக்கில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. வாயை அடக்கத் தெரியவில்லை.

கடைசியில் கெஞ்சினேன். இதை எழுதவே பற்றிக்கொண்டு வருகிறது. "சனிக்கிழமை எங்க அக்கா ரேடியோவுல பாடறா. நைனா கேக்கணும். ஞாயித்துக்கிழமை நானே எறக்கிடறேன். ஒரு நாள் பொறுத்துக்குங்க."

"ஒரு நாள்னு உட்டா அப்பறம் ஒவ்வொருத்தனும் ஒரு நாள் கேப்பான்," என்றார் தலைவர். பிறகு பெரிய மனசு பண்ணிக்கொண்டு, "பாட்டுதான கேக்கணும்? நம்ம ஊட்டு ரேடியோவ நல்லா சத்தமா வெக்கச் சொல்றேன். வாசல்ல பெஞ்சு போட்டு வெக்கிறேன். வாத்தியாரக் கூட்டிக்கினு வந்து கேளுங்க," என்றார்.

வாசலில். பெஞ்சு. மற்ற பத்து வீட்டுக்காரர்களும் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, "நாலு பேர வெச்சுக் கட்டிலோட தூக்கிக்கினு போயிரலாமே," என்றாள்.

"பொணத்தத் தூக்கற மாதிரியா?" என்றார் நைனா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பதினோராம் வீட்டு மருமகள் கிணற்றடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அக்கா, நான் ஒண்ணுமே சொல்லலக்கா. சத்தியமா. நீதான்னு தெரிஞ்சதும் சிரிச்சுட்டேன். எங்க மாமியாரும் சொல்லல. எங்க மாமனாருதான் அங்க போய் 'எங்க ஊட்டுப் பொண்ணு மானம்'னு பேசிட்டு வந்தாரு. எம்மானம் எங்கக்கா போச்சு?"

அவள் மானத்தைக் காப்பாற்றப் பதினோரு ஆண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கம்பியை இறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சங்கத்து ஆள் ஏணியோடு வந்தான். மூன்று முறை ஒழுங்காகக் குரல் கொடுத்துவிட்டு ஏறினான். கம்பியை அவிழ்த்துச் சுருட்டியிருக்கலாம். மூன்று துண்டாக வெட்டிப் போட்டான். "அப்பிடித்தான் செய்யச் சொன்னாங்கம்மா," என்றான் என் முகத்தைப் பார்க்காமல். அவனைத் திட்டி என்ன பயன்? இருந்தும் திட்டினேன்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து துண்டுகளை முறுக்கி இணைத்து, வீட்டுக்குள்ளேயே உத்தரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். ஐந்து மணிக்கு நைனாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். வெள்ளைச் சட்டை வேண்டுமென்று கேட்டுப் போட்டுக்கொண்டார். முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ ஒரு பெண்குரல் மூழ்கி மூழ்கி எழுந்தது. அக்காவா, வேறு யாராவதா? சொல்ல முடியவில்லை. நைனா காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அப்படியே கால் மணி நேரமும் போனது.

நடுவில் அம்மா எங்களிடம் சொல்லாமல் தெருமுனையில் தலைவர் வீட்டு வாசலுக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்குத் திரும்பினாள். அவள் பெஞ்சில் உட்காரவில்லை, அதன் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

நைனா அவள் பக்கம் திரும்பி, "சுருதி சேந்துச்சா?" என்றார்.

"சேந்துச்சு. மொதப் பாட்டு முழுசாக் கேட்டேன். அப்பிடியே இங்க நம்ம ஊட்டுல பாடற மாதிரி இருந்துச்சு." நிறுத்தினாள். "ரெண்டாவது பாட்டு பாதியில திருப்பிட்டாங்க."

"யாரு?"

"அவங்க ஊட்டு சம்பந்திங்க வந்திருந்தாங்க. வேற பாட்டு வெச்சாங்க. எம் பொண்ணு பாடறா, முடியட்டும்னு சொன்னேன். உள்ளாற யாருக்கும் கேக்கல."

நைனா கேட்டார், "எந்த அடியில திருப்பினாங்க?"

அம்மா சொல்லத் தெரியாமல் அந்த அடி வரைக்கும் பாடிக் காட்டினாள். அவள் பாடி நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து நைனா மீதியை முணுமுணுத்தார். வாய் ஒரு பக்கம் கோணி, எழுத்துகள் குழறின.

நான் முதல் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று அம்மா என் கையைப் பிடித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. தலைவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா பாட்டை ஏன் பாதியில திருப்பினீங்க?"

"அட, அது ஒங்கக்காவா? ஒங்கம்மா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"கூட்டத்துல நானே சொன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"ஆயிரம் பேச்சு பேசறோம், எத ஞாபகம் வெக்கிறது? இன்னொரு நாள் பாடாமலா போயிடுவா? போம்மா, போ. வாத்தியாரு ஒடம்பப் பாத்துக்க."

யார் வீட்டிலோ ராணுவத்துக்குப் போன பையனைப் பற்றி விசாரிப்பது மாதிரி அன்பாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. கோபமாகவாவது சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவருக்கு எங்கள்மேல் கோபம்கூட இல்லை. கூரைமேல் கம்பி, வாசலில் பெஞ்சு, பாதிப் பாட்டு, எல்லாமே அவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. கொடுத்தார். திருப்பி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு.

விதியை மாற்றச் சொல்லி மூன்று மனு எழுதினேன். முதல் மனு கூட்டத்தில் படிக்கப்பட்டதாம். மற்றவற்றுக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. நாலாவது எழுத உட்கார்ந்தபோது அக்காவின் அடுத்த கடிதம் வந்தது. பாஸ்கு, அதாவது ஈஸ்டர் பண்டிகை, முடிந்த முதல் சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், அதே நேரம். மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தேன்.

சங்கத்தின் அதிகாரம் பன்னிரண்டு ஓட்டுக் கூரைகளோடு தீர்ந்துபோகிறது. ஊரைத் தாண்டி, கோட்டைக்குப் போகிற பாதையில், ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் புறம்போக்கில் இரண்டு பனைமரங்கள் நிற்கின்றன. காலடியால் அளந்தேன். இடையில் அறுபது அடிக்கு மேலேயே இருக்கிறது. உயரத்துக்குக் கேட்கவே வேண்டாம். பனையேறுகிறவரிடம் பேசிவிட்டேன். "கம்பிய மேல கட்டணும், அவ்வளவுதான? எதுக்கும்மா?" என்றார். பாட்டு கேட்க என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். நைனாவை அனந்தபுரம் பள்ளிக்கு வாரா வாரம் ஏற்றிப்போன வண்டிக்காரர் இன்னும் இருக்கிறார். வைக்கோல் மெத்தை போட்டு, கூண்டு கட்டி ஓட்டிவருகிறேன் என்றிருக்கிறார். கோட்டை பார்க்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத் தானும் வருவதாகப் பக்கத்து வீட்டு மருமகள் சொல்கிறாள்.

நைனாவிடம் சொன்னேன். "வண்டி ஆடாம போவுமா?" என்றார். மறுப்பார் என்று பயந்திருந்தேன்.

பாஸ்குவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. வருகிற செவ்வாய்க்கிழமை நைனா இல்லாமல் பெட்டியையும் பேட்டரியையும் மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கம்பியைக் கட்டி, சரியாக ஐந்தரை மணிக்குத் திருச்சி பிடிக்கிறதா என்று பார்க்கப்போகிறேன். பிடிக்காவிட்டால் புதன்கிழமை, இன்னும் நீளமான கம்பியோடு.